நியூ ஆர்லியன்ஸில் மூன்று வக்கீல்கள்

2022 மார்ச்சில் என் தோழி ஒரு வழக்கில் தோற்றாள். வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அவள். ஹூஸ்டனில் ஒன்பது வருஷமாக அதே வேலை. தோற்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை கட்சிக்காரன் இருபத்திரண்டு வயதுப் பையன். முப்பது வருஷத் தண்டனை. தீர்ப்பைக் கேட்டு பையனின் அம்மா அழவில்லையாம். எழுந்து வந்து இவள் கையைப் பிடித்து, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து இவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இடைவேளையில் நீதிமன்ற வாகன நிறுத்தத்தில் காருக்குள் தனியாக உட்கார்ந்திருப்பாள். நானே இரண்டு முறை பார்த்தேன்.

நான் குடிவரவு வழக்குகள் பார்ப்பவன். எங்கள் இருவருக்கும் மூத்தவர் அண்ணாச்சி. நாகர்கோவில்காரர். உயில், சொத்து விவகாரங்கள் அவருடைய துறை. முப்பது வருஷம் டெக்சாஸில் இருந்தும் ஊர்ப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் போன் செய்து, "தம்பி, அந்தப் பிள்ளை முகமே சரியில்லை. மூணு பேருமா எங்கயாவது போயிட்டு வருவோம்" என்றார்.

எங்கள் தொழிலில் இந்தப் பேச்சு லேசானதல்ல. அமெரிக்காவில் ஏறக்குறைய 13,000 வழக்கறிஞர்களிடம் கேட்டு 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. 28 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள், ஐந்தில் ஒருவரிடம் பிரச்சினையாகும் அளவுக்குக் குடி. இந்த எண்களை நாங்கள் கூட்டங்களில் சொல்லிக்கொள்வோம், தலையாட்டுவோம், அப்புறம் இரவு பத்து மணிக்கு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதப் போய்விடுவோம்.

எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ், செவன்த் வார்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து ஊர் மூழ்கியபோது ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அத்தை மட்டும் திரும்பிப் போய் வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஃபேர் கிரவுண்ட்ஸ் குதிரைப் பந்தயத் திடல். அங்கேதான் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஜாஸ் ஃபெஸ்ட் என்ற இசை விழா நடக்கிறது. கோவிட் காரணமாக 2020, 2021 இரண்டு வருஷமும் விழா நடக்காமல் போய், 2022 ஏப்ரல் 29 வெள்ளிக்கிழமை மறுபடி தொடங்குவதாக இருந்தது.

நான் ஒரு யோசனை சொன்னேன். டெக்சாஸில் வக்கீல்கள் வருஷத்துக்கு 15 மணி நேரம் தொடர் சட்டக் கல்வி முடித்துக் காட்ட வேண்டும். விழாக் காலத்தில் அந்த ஊரிலேயே வகுப்பு கிடைத்தால் காலையில் வகுப்பு, மதியம் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம், செலவையும் அலுவலகக் கணக்கில் எழுதலாம் என்றேன். அண்ணாச்சி உடனே மறுத்துவிட்டார். "கணக்குல வராத நாளா ரெண்டு நாள் வேணும் தம்பி. அந்தப் பிள்ளைக்கு மட்டுமில்ல, நமக்கும்தான்" என்றார்.

கணக்கு என்று அவர் சொன்னது எதை என்பது வக்கீல்களுக்குப் புரியும். எங்கள் நாள் ஆறு ஆறு நிமிஷமாக வெட்டப்பட்டது. ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, தொலைபேசியில் பேசியது 0.2, கடிதம் படித்தது 0.1 என்று எழுதி வைக்க வேண்டும். கட்டணம் வாங்காத வழக்குகளுக்குக்கூட நான் இப்படித்தான் எழுதுகிறேன். பழகிப்போய் மகளோடு விளையாடும்போதும் மனசுக்குள் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கும். சரி, வகுப்பு வேண்டாம், பாட்டு கேட்க மட்டும் போவோம் என்று முடிவானது.

வியாழன் மதியம் புறப்பட்டோம். ஹூஸ்டனிலிருந்து ஏறக்குறைய 350 மைல், ஐ-10 நெடுஞ்சாலையில் நேராகக் கிழக்கே. லூசியானாவுக்குள் நுழைந்து லஃபாயெட் பக்கம் வந்தால் பெட்ரோல் பங்குகளில்கூட சூடாக பூடான் என்ற தின்பண்டம் கிடைக்கும். பன்றி இறைச்சியும் சோறும் மசாலாவும் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்தது. தோழி ஒன்று வாங்கி, காரின் பானட் மேல் காகிதத்தை விரித்து, நின்றபடியே முழுவதும் சாப்பிட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தாண்டி அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். அந்தப் பாலத்தில்தான் அவள் காரில் வானொலியைப் போட்டாள்.

அத்தை எழுபதைத் தாண்டியவர். விழா நாட்களில் வீட்டு முன்புற இடத்தை வண்டி நிறுத்த வாடகைக்கு விடுகிறார். அந்தத் தெருவில் பலரும் அப்படித்தான். காலை ஒன்பது மணிக்கே அட்டையில் விலை எழுதிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் காசு வாங்க மறுத்து, பதிலுக்கு ஒரு வேலை கொடுத்தார்: பெட்டியில் ஐஸ் கொட்டித் தண்ணீர் பாட்டில்களை அடுக்க வேண்டும். மூன்று வக்கீல்களும் உட்கார்ந்து அடுக்கினோம்.

பதினொரு மணிக்குத் திடலுக்குள் நுழைந்தோம். 1872லிருந்து குதிரைகள் ஓடும் இடம். ஓடுபாதையின் மண்ணைக் கடந்துதான் நடுத்திடலுக்குப் போக வேண்டும். பத்துக்கு மேற்பட்ட மேடைகளும் கூடாரங்களும் ஒரே நேரத்தில் இயங்கும். பெயர்தான் ஜாஸ் ஃபெஸ்ட். உள்ளே தேவாலயப் பாட்டான காஸ்பெல், ப்ளூஸ், அக்கார்டியன் தூள்பறக்கும் ஸைடெகோ, கேஜுன், ராக் எல்லாம் உண்டு. பெரிய மேடைகளில் பெரிய பெயர்கள் பாடும். நாங்கள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. தோழி எங்களை நேராக எகானமி ஹால் கூடாரத்துக்குக் கூட்டிப் போனாள். பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸ் நடக்கும் கூடாரம் அது.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1836இல், அடிமை முறை நடப்பில் இருந்த காலத்திலேயே, இந்த ஊரில் அடிமைகளாக இல்லாத சுதந்திரக் கறுப்பின மக்கள் சிலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஒரு சங்கம் அமைத்தார்கள். எகானமி என்பது அந்தச் சங்கத்தின் பெயர். ட்ரெமே பகுதியில் அவர்கள் கட்டிய மண்டபத்தில் பிற்காலத்தில் ஜாஸின் முதல் தலைமுறை வாசித்தது. மண்டபம் இப்போது இல்லை. பெயரைக் கூடாரத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

மேடையில் ஏழு பேர். கிளாரினெட் வாசித்தவருக்கு எண்பது வயதாவது இருக்கும். அவர் மட்டும் நாற்காலியில். பக்கத்தில் டிராம்போனோடு பேரன் வயதுப் பையன். தனியாக வாசிக்கப் பையனின் முறை வந்தது. நன்றாகத்தான் போனது, மேலே ஏறும் ஓரிடத்தில் ஸ்வரம் பிசகி ஒரு முரட்டுச் சத்தம் வந்தது. பையனின் முகம் சிவந்துவிட்டது. அவன் முடித்ததும் கிழவர் கிளாரினெட்டை எடுத்தார். பையன் பிசகிய அதே ஸ்வரத்தை, அதே முரட்டுத்தனத்தோடு, முதல் ஸ்வரமாக வைத்துத் தொடங்கினார். இன்னொரு முறை வாசித்தார். மூன்றாவது முறை அது பாட்டாகிவிட்டது. பான்ஜோக்காரர் சிரித்துக்கொண்டே அதையே பிடித்துக்கொண்டார். நம் ஊர்க் கச்சேரியில் மிருதங்கம் விட்ட இடத்திலிருந்து கஞ்சிரா எடுத்துக்கொண்டு போவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். பிசகிய இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனதை அன்றுதான் கேட்டேன். கிழவர் வாயை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு பையனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வெயில் ஏறியதும் மாம்பழ ஐஸ் வாங்கிக்கொண்டு நிழலுக்கு ஒதுங்கினோம். வானொலி நிலையமான டபிள்யூ.டபிள்யூ.ஓ.ஸெட். விற்கும் மேங்கோ ஃப்ரீஸ் அது. அல்போன்சாவுக்குப் பக்கத்தில் வராது, ஆனாலும் அந்த வெயிலுக்கு அமிர்தம். வக்கீல்கள் மூன்று பேர் நிழலில் உட்கார்ந்தால் வழக்குப் பேச்சு வராமல் இருக்காது. அண்ணாச்சி ஆரம்பித்தது ஜாஸின் வழக்கு.

1917 பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற ஐந்து வெள்ளைக்காரர்கள் 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்' என்ற பாட்டை நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று சொல்லப்படுவது அதுதான். சேவல் கூவுவது, குதிரை கனைப்பது, மாடு கத்துவது எல்லாவற்றையும் வாத்தியங்களில் வாசித்திருப்பார்கள். தட்டு அமோகமாக விற்றது. உடனே சண்டை. குழுவில் கார்னெட் என்ற சிறிய டிரம்பெட்டை வாசித்த நிக் லராக்கா பாட்டு தன்னுடையது என்றார். குழுவில் முன்பு கிளாரினெட் வாசித்த நூன்யெஸ், ரே லோபஸ் என்பவரோடு சேர்ந்து, இல்லை எங்களுடையது என்று சொல்லி அச்சிட்டு விற்கத் தொடங்கினார். சிகாகோவில் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வாத்தியக்காரர்களுக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. யார், எப்போது, எந்தத் துண்டை முதலில் வாசித்தார்கள் என்பதைச் சாட்சிகள் வாயால் சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது. நீதிபதி கார்ப்பென்டர் இரு தரப்புக்கும் உரிமை இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

"சரியான தீர்ப்புதான்" என்றார் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மெட்டு அந்த ஐந்து பேருக்கு முன்னாலேயே ஊருக்குள் இருந்தது. அதற்கும் முன்னால் தெருத்தெருவாக ஊதிப் புகழ்பெற்ற கறுப்பினக் கார்னெட் கலைஞர் பட்டி போல்டன் 1907லேயே மனநலக் காப்பகத்துக்குப் போய்விட்டார். 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு ஸ்வரம்கூட இன்று கேட்கக் கிடைக்கவில்லை. சட்டத்துக்குக் காகிதம் வேண்டும். என் கட்சிக்காரர்களிடம் நான் தினமும் கேட்பதும் அதைத்தான்: பிறப்புச் சான்றிதழ் எங்கே, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல் எங்கே. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்களிடம் கேட்கிறேன். போல்டனைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

காங்கோ ஸ்கொயர் மேடையில் முரசு ஒலிக்கத் தொடங்கியது. அந்தப் பெயரும் சட்டத்தோடு சம்பந்தப்பட்டதுதான். இந்த ஊரில் அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பாடுவதற்குக் கூடலாம், ஆனால் மேயர் குறிக்கும் ஓர் இடத்தில் மட்டும்தான் என்று 1817இல் நகராட்சி விதி போட்டது. அந்த ஓர் இடம்தான் காங்கோ ஸ்கொயர். கட்டுப்படுத்துவதற்காகப் போட்ட வேலிக்குள்ளேயே ஆப்பிரிக்கத் தாளங்களைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றினார்கள்.

ஜாஸ் ஃபெஸ்ட்டின் கதையும் அப்படித்தான். நியூபோர்ட் ஜாஸ் விழாவை நடத்தி வந்த ஜார்ஜ் வீனை 1962இலேயே இந்த ஊர்க்காரர்கள் ஒரு விழா நடத்தித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நடத்த முடியவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பதற்கும், ஒரே விடுதியில் தங்குவதற்கும் தடை. வீனின் மனைவி ஜாய்ஸ் கறுப்பினப் பெண். அவர்கள் திருமணமே லூசியானாச் சட்டப்படி செல்லாது. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. கலப்புத் திருமணத் தடைகளை உச்ச நீதிமன்றம் 1967இல் செல்லாதவை ஆக்கியது. 1970இல்தான் வீன் வந்து முதல் விழாவை நடத்தினார், அதே காங்கோ ஸ்கொயரில். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வந்தார். இந்த ஊரிலேயே பிறந்த காஸ்பெல் பாடகி மஹேலியா ஜாக்ஸன் வந்தார். ஊர்வலமாக வந்த பிராஸ் பேண்டை, அதாவது பித்தளை ஊதுகுழல் வாத்தியக் குழுவை, பார்த்ததும் மஹேலியா மைக்கை வாங்கி அவர்களோடு சேர்ந்து பாடினார். கேட்கக் கூடியவர்கள் சுமார் 350 பேர்தான். இடம் போதாமல் 1972இல் பந்தயத் திடலுக்கு வந்துவிட்டார்கள்.

அன்று மாலை அத்தையின் வீட்டுத் திண்ணையில் கேட்டதுதான் எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம். அத்தை ஒரு சங்கத்தில் உறுப்பினர். நியூ ஆர்லியன்ஸின் பல பேட்டைகளில் இப்படிப்பட்ட சங்கங்கள் உண்டு. சோஷியல் எய்ட் அண்ட் பிளெஷர் கிளப் என்று பெயர் வைப்பார்கள். சமூக உதவியும் இன்பமும், இரண்டும் பெயரிலேயே. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, நோய் வந்தால் வைத்தியம், செத்தால் அடக்கம் என்று பார்த்துக்கொள்ளும் பழைய சங்கங்களின் வழி வந்தவை இவை. உறுப்பினர் இறந்தால் பிராஸ் பேண்ட் வரும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான சோகப் பாட்டு. உடலை விட்டுத் திரும்பும்போது தாளம் மாறி ஆட்டம். பேண்டுக்கும் சங்கத்தாருக்கும் பின்னால் குடையும் கைக்குட்டையும் ஆட்டிக்கொண்டு ஊரே சேர்ந்து வரும் வரிசைக்குத்தான் செகண்ட் லைன் என்று பெயர். சாவு இல்லாத ஞாயிறுகளிலும் சங்கங்கள் ஊர்வலம் போகும். அத்தை சொல்லச் சொல்ல எனக்கு என் தாத்தாவின் சாவு ஞாபகம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். பறையடித்து, பேரன்கள் நாங்கள் எல்லாரும் ஆடித்தான் அவரைக் கொண்டு போனோம். கல்யாணச் சாவு என்பார்கள். நான் அதைச் சொன்னதும் அத்தை எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டார்.

2006 ஜனவரியில் ஒரு செகண்ட் லைன் நடந்த நாளில் துப்பாக்கிச் சூடு. காவல் துறை, ஊர்வல அனுமதிக்கான பாதுகாப்புக் கட்டணத்தைச் சங்கங்களால் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றியது. புயலில் வீடிழந்து, பாதி ஊர் இன்னும் திரும்பி வராத நேரம். ஆடிப்பாடுவதா இப்போது முக்கியம் என்று யாரும் கேட்டிருக்கலாம். சங்கங்கள் ஒன்று சேர்ந்து, சிவில் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ.வின் துணையோடு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போயின. தெருவில் கூடி ஊர்வலம் போவது பேச்சுரிமையின் பகுதி என்பது வாதம். 2007இல் சமரசமாகி, கட்டணம் இறங்கியது. "கூரை போடப் பணம் வைத்திருந்தேன். அதிலிருந்து எடுத்துத்தான் அந்த வருஷம் ஊர்வல உடை தைத்தேன்" என்றார் அத்தை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் துளியும் இல்லை.

அறம், பொருள், இன்பம் என்று வகுத்து வைத்த மொழியில் பிறந்தவன் நான். வக்கீல் ஆனபின் முதல் இரண்டுக்கு மட்டுமே நேரம் ஒதுக்கி வந்தேன். மூன்றாவதை, மற்ற இரண்டையும் முடித்தபின் மிஞ்சினால் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். வீட்டின் கூரை போனபிறகும் இன்பத்துக்காக வழக்குத் தொடுத்த ஜனங்களின் நடுவில் உட்கார்ந்திருந்தபோது நான் பிடித்திருந்த வரிசை தவறு என்று பட்டது. உதவி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், இன்பத்தையும் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை திடலுக்குள் ஒரு சங்கத்தின் ஊர்வலம் வந்தது. எலுமிச்சை மஞ்சள் கோட்டு, இறகு விசிறி, பளபளக்கும் காலணிகள். தோழி எங்களிடம் சொல்லாமலேயே வரிசையில் சேர்ந்துவிட்டாள். கறுப்புக் கோட்டில் நிமிர்ந்து நின்று வாதாடும் அவளை மட்டுமே அறிந்தவன் நான். முழங்காலை மடக்கி, தோளைத் தளர்த்தி, ஒரு காலில் சுழன்று அவள் ஆடியதைப் பார்த்தபோது, இது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், ஹூஸ்டனில் ஆட இடமில்லாமல் இருந்திருக்கிறாள் என்று புரிந்தது. அண்ணாச்சியும் இறங்கினார். நானும் இறங்கினேன். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எண்ணவில்லை.

ஞாயிறு காலை ஊர் திரும்புமுன் ஓரிடத்துக்குப் போகலாம் என்றாள். பிரஸ் தெருவும் ராயல் தெருவும் சந்திக்கும் இடம். 1892 ஜூன் 7 அன்று, சட்டத்தின் கணக்கில் கறுப்பினத்தவரான ஹோமர் பிளெஸி வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்து கைதானது இங்கேதான். தற்செயலாக அல்ல, ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி என்ற சட்டத்தை எதிர்க்க ஊர்க்காரர்கள் கமிட்டி அமைத்துத் திட்டமிட்டு நடத்திய வழக்கு. வக்கீல் டூர்ஷே கட்டணம் வாங்காமல் வாதாடினார். 1896 மே 18இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் இனப் பிரிவினையை ஏற்றது. நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். பிளெஸி மறு வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 டாலர் அபராதம் கட்டினார். 2022 ஜனவரி 5 அன்றுதான், நாங்கள் போய் நிற்பதற்கு நான்கு மாதம் முன்னால், லூசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கிக் கையெழுத்திட்டார்.

கையெழுத்திட்டது அந்தத் தண்டவாளத்தை ஒட்டிய கலைப் பள்ளி வாசலில். நோகா என்று அழைக்கப்படும் அந்தப் பள்ளியில்தான் இசைக் கலைஞர்கள் விண்டன் மார்சலிஸ், டிராம்போன் ஷார்ட்டி, ஜான் பாட்டிஸ்ட் எல்லாரும் படித்தார்கள். ஞாயிறு என்பதால் பள்ளி பூட்டியிருந்தது. தோழி வெகு நேரம் அறிவிப்புப் பலகை முன் நின்றாள். "ஏழுக்கு ஒன்று" என்றாள் மெதுவாக. அப்புறம், "அந்த வக்கீல் தோற்ற மறுநாள் என்ன சாப்பிட்டிருப்பார்?" என்று கேட்டாள். அண்ணாச்சி, "நீ என்ன சாப்பிடப் போற, அதைச் சொல்லு முதல்ல" என்றார். இறால் வைத்த போ-பாய் சாண்ட்விச் வாங்கினோம். நீளமான ரொட்டி, பாதியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போகலாம் என்று நான் சொல்வதற்குள் அவளுடையது காலி.

டெக்சாஸில் வக்கீல்கள் விடுமுறை எடுக்கும் வாரங்களை முன்கூட்டியே நீதிமன்றத்துக்குக் கடிதமாகக் கொடுத்துவிட்டால், பொதுவாக அந்த நாட்களில் விசாரணை வைக்க மாட்டார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படி ஒரு கடிதம் கொடுத்ததே இல்லை. பாட்டன் ரூஜ் தாண்டும்போது காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். 2023 ஏப்ரல் கடைசி வாரம். தேதிகளைச் சரிபார்த்துவிட்டு, காரணம் எழுத வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை என்றேன்.